சார்ஜன்ட் ஐயாவும் அவர் தளபதியும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எமக்கு எழுதியிருந்தனர். அதிபர்களைப் பற்றியும் ஆசிரியப் பெருமக்களைப் பற்றியும் எழுதுதற்கு எம்மினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். ஆதலின், கல்லூரியின் சம்பளப் பதிவேட்டில் ஒரு நாளேனும் பெயர் பொறிக்கப்படாத ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தோம். 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் இங்குக் கற்றோர் எவரும் அவரை மறந்திரார். தை பிறந்ததும், இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னைய ஐந்தாறு கிழமைகளும், பின்னேரம் மூன்றரை மணிக்குத் தம் பழைய றலிச் சைக்கிளை வேப்பமரத்திற் சாத்திவிட்டு, மைதானத்தின் நடுவே வந்து நிற்பார். வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டை, கையிலே ஒரு பூவரசந் தடி. அத்தடி எவர் மீதும் பட்டதில்லை. வரிசையின் நேர்மையை அளப்பதற்கே அது பயன்பட்டது. அணிநடை பழக்கியமைக்காகக் கல்லூரி கொடுக்க முன்வந்த பணத்தை அவர் ஒருமுறையும் வாங்கினாரல்லர். ஒரு மூக்குப்பேணித் தேநீரும் வெற்றிலையும் போதும் என்பார்.

மாணவர் அவரைச் சார்ஜன்ட் ஐயா என்றனர். ஊர்ப் பெரியோர் பட்டாளத்தார் என்றனர். இயற்பெயரை எழுதவேண்டாம் என்பது குடும்பத்தாரின் வேண்டுகோள். அதனை மதிக்கின்றோம். பெயரில்லாமலே அவரை இன்னாரென அறியும் பழைய மாணவர் இன்னும் பலர் இருக்கின்றனர்.

வன்னி நிலத்துக்குப் படைவீரர் புதியவரல்லர். 1803ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியனையும், அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் அவன் கப்டன் டிறிபேர்க்கிடம் தோல்வியுற்றதைக் கூறும் கற்சிலைமடுக் கல்லையும் அறியாத மாணவன் நம் கல்லூரியில் இருந்திலன். மேடை நாடகங்களில் நாம் வாள் சுழற்றியதும் உண்டு. ஆயின் சார்ஜன்ட் ஐயா அவ்வகை வீரர் அல்லர். மாதச் சம்பளத்துக்குப் படையிற் சேர்ந்து, இருபத்தொரு ஆண்டு காவல் நின்று, ஓய்வூதியம் பெற்று, நான்கு பிள்ளைகளைக் கரைசேர்த்த ஒரு குடும்பஸ்தர். இத்தகையோரைப் பாடிய புலவர் இலர்.

அவர் பிறந்தது 1918இல், வலிகாமத்துப் புகையிலைக் கிராமம் ஒன்றில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அக்காலத்து யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் போன்று அவரும் கொழும்புக்குச் சென்று ஒரு சுருட்டுக் கடையிற் சிப்பந்தியானார். கடைக்குள்ளேயே உண்டு, கடைக்குள்ளேயே உறங்கி, ஆண்டுக்கொருமுறை ஊர் திரும்பும் வாழ்வு அது. 1940இல், போர் மூண்டு இலங்கைப் பாதுகாப்புப் படைக்கு ஆள் சேர்த்த காலத்தில், முதலாளிக்கும் சொல்லாமல் தாய்க்கும் சொல்லாமல், இலங்கை இலகு காலாட்படையிற் பெயர் கொடுத்தார். 1881இல் தொண்டர் படையாகத் தொடங்கப்பெற்ற அப்படை, போர்க்காலத்தில் ஐந்து பட்டாலியன்களாக விரிந்தது. சுருட்டுக் கடையினும் பட்டாளம் எவ்வாற்றான் மேலானது என்று நாம் ஒருமுறை வினவினோம். “பட்டாளத்திலே தனிக் கட்டில் தந்தாங்கள், தம்பி” என்றார்.

1942 ஏப்பிரில் 5இல் யப்பானியர் கொழும்பின் மீது குண்டு வீசினர். நான்கு நாட்களின் பின், ஏப்பிரில் 9இல், திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் அன்றே. சார்ஜன்ட் ஐயா அப்பொழுது சீனன்குடாவிலே எண்ணெய்த் தாங்கிகளின் அயலிற் காவற்கடமையில் நின்றார். தாங்கி ஒன்று பல நாள் எரிந்தது. அந்நெருப்பைப் பற்றி அவர் கூறியது மிகக் குறைவு. அந்நாட்களிற் சோறு முழுதும் எண்ணெய் மணத்தது என்று மட்டும் சொல்வார். பின்பு வவுனியாவில் ஆங்கிலேய விமானப்படை அமைத்திருந்த விமானத்தளத்துக்கு மாற்றப்பட்டார். பியூஃபோர்ட், பியூஃபைட்டர் முதலிய விமானங்கள் அங்கிருந்து கடலைக் காவல் செய்தன. விமானங்களைக் கண்டு வியந்தவர் பலர். இவர் கண்டு வியந்ததோ நிலத்தை. புகையிலைத் தோட்டத்துக்குக் கிணற்றுநீரைத் துலா மிதித்து இறைத்து வளர்ந்தவர், காட்டுக்குள்ளே கவனிப்பாரற்றுக் கிடந்த குளங்களைக் கண்டு உறக்கமின்றிக் கிடந்தாராம். மலேரியா மிகுந்த காலம் அது. படையினர்க்கு மெப்பகிரின் குளிசை கொடுத்தனர். அதனை விழுங்கி மஞ்சள் நிறமான உடம்போடு வன்னியிலே வயல் செய்யக் கனாக் கண்ட படைவீரர் அவர் ஒருவராகவே இருந்திருப்பார்.

1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. பேராதனைப் பூந்தோட்டமே அதன் இருப்பிடம். அதனைக் காத்த இலங்கைப் படையினருள் நம் சார்ஜன்ட் ஐயாவும் ஒருவர். அப்பொழுது அவர் கோப்ரல். அங்கேதான் தம் வாழ்நாள் முழுதும் ‘எங்கடை துரை’ என்று அவர் குறிப்பிட்ட அன்ரன் முத்துக்குமாருவை முதன்முதற் கண்டார். அக்காவற்படைக்குத் தலைமை தாங்கியவர் அவரே.

அன்ரன் முத்துக்குமாருவை இக்கால மாணவர் அறியார். ஆதலின் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். 1908இல் கொழும்பிற் பிறந்த தமிழர் அவர். கொழும்பு சென் யோசேப் கல்லூரியிலும், பின் ஒக்ஸ்போட்டிலுள்ள ஜீஸஸ் கல்லூரியிலும் பயின்று, லண்டன் கிரேய்ஸ் இன்னிற் சட்டம் கற்றுப் பாரிஸ்டரானவர். வழக்கறிஞராக இருந்து கொண்டே 1930களில் இலங்கை இலகு காலாட்படையிற் றொண்டர் அதிகாரியாகச் சேர்ந்தார். போர் வந்திராவிடின் நீதிமன்றத்திலேயே அவர் வாழ்வு கழிந்திருக்கும். வந்தது, தொண்டு தொழிலாயிற்று. நாடு 1948இல் சுதந்திரம் பெற்றது. 1949ஆம் ஆண்டின் படைச் சட்டத்தின்படி அவ்வாண்டு ஒக்டோபர் 10இல் நிரந்தரப் படை தொடங்கப்பெற்றபொழுது, அதன் முதற் காலாட் பட்டாலியனின் கட்டளை அதிகாரியானார். கெய்த்னஸ் பிரபு, சேர் பிரான்சிஸ் றீட் ஆகிய இரு பிரித்தானியரின் பின், 1955 பெப்ரவரியில், இலங்கைப் படையின் தளபதிப் பதவியை ஏற்ற முதல் இலங்கையர் அவர். 1959 டிசெம்பர் இறுதியில் ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ ஐந்தாண்டு அப்பதவியில் இருந்தார். கொத்தலாவலை, பண்டாரநாயக்கா, தகநாயக்கா என மூன்று பிரதமர்களின் கீழ்ப் பணியாற்றினார். படையில் மேஜர் ஜெனரல் பதவியை எய்திய முதல் இலங்கையரும் அவரே.

அக்காலத்துப் படையில் அதிகாரிகளுட் டமிழரும் பறங்கியரும் தம் சனத்தொகை வீதத்தினும் மிகுதியாகவே இருந்தனர். ஆங்கிலமே கட்டளை மொழி. ஆங்கிலம் கற்றோர் எவரோ அவரே மேலே சென்றனர் என்பதும் உண்மை. இது நியாயமான ஏற்பாடு என்று நாம் வாதிக்கமாட்டோம். ஆயினும், கிராமத்துத் தமிழ்ச் சிப்பாய் ஒருவன் தன் தளபதியின் பெயர் தன் ஊரிலும் வழங்கும் ஒரு பெயராயிருத்தலைக் கண்டு அடைந்த பெருமிதத்தை எவரும் குறை கூறார். சார்ஜன்ட் ஐயா வீட்டுச் சுவரிலே மூன்று படங்கள் இருந்தன: முருகன், காந்தியடிகள், செய்தித்தாளில் இருந்து வெட்டிக் கண்ணாடியிட்ட முத்துக்குமாரு. மூன்றாவது படத்தின் முன் விளக்கேற்றுவதில்லை. ஆனால் தூசி தட்டும்போது மூன்றுக்கும் ஒரே துணிதான்.

அவரோடு தாம் ஒரு சொல்லேனும் பேசியதில்லை என்பதையும் ஒளியாது சொல்வார். “அவர் பரேட்டுக்கு வருவார். நாங்கள் நேரே பாப்பம். அவ்வளவுதான் பழக்கம்.”

நிற்க. போர் முடிந்ததும் படையினருட் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். இவர் எஞ்சிய சிறு படையிற் றொடர்ந்தார். 1946இல் திருமணம். மணமகளின் தந்தையார் உருத்திரபுரத்துக் குடியேற்றத்தின் முதற் குடிகளுள் ஒருவர். 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளத்து வேலை 1920களிலே நிறைவெய்தியதும், 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்ததும், அதன் பின் கிளிநொச்சியிலே காடு வெட்டிக் காணி வழங்கப்பட்டதும் நம் வாசகர் அறிந்தவையே. அந்தப் பெரியவர்க்கு ஆண்பிள்ளை இல்லை; ஒரே மகள். மாப்பிள்ளை பட்டாளத்தான் என்றறிந்து உறவினர் முகஞ்சுளித்தனராம். பெரியவரோ, “கட்டளைக்குக் கீழ்ப்படியத் தெரிஞ்சவன் வாய்க்கால் முறைக்கும் கீழ்ப்படிவான்” என்று கூறிப் பெண்ணைக் கொடுத்தார். நீர்ப்பங்கீட்டுச் சண்டையில் மண்டை உடைந்த கதைகளைக் கேட்டறிந்தோர்க்கு அப்பெரியவரின் மதிநுட்பம் விளங்கும்.

பதினைந்து ஆண்டுகள் கணவன் தெற்கிலும் மனைவி வன்னியிலுமாகக் கழிந்தன. கிழமைக்கொரு கடிதம், மாதத்துக்கொரு மணியோடர். தந்தையார் தளர்ந்தபின் விதைப்பும் அருவிவெட்டும் சூடுமிதிப்பும் அந்த அம்மையாரின் பொறுப்பாயின. மாரியிற் பாம்பு, கோடையிற் பன்றி, நடுவிலே பிள்ளைகளின் காய்ச்சல் என்று அவர் கண்ட போர்க்களம் பெரிது. 1946 முதல் டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கப்பட்டு மலேரியா குறைந்திராவிடின் நான்கு பிள்ளைகளும் பிழைத்திருப்பரோ என்று அவரே சொல்லக் கேட்டுள்ளோம். கணவரின் கடிதங்களை மாதவாரியாகக் கட்டித் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். “அவர் சனத்தைக் காத்தார், நான் காணியைக் காத்தன்” என்பது அம்மையார் வாக்கு. குடும்பஸ்தர் ஒருவரின் வரலாற்றை எழுதுகையில் மனைவியாரை ஒரு வரியில் ஒதுக்கிவிடும் வழக்கம் நம் மலர்களில் உண்டு. நமக்கு அது உடன்பாடன்று.

படைப்பணியில் அவர் பெருமையாகக் கூறியது ஒன்றே. 1957 டிசெம்பரிற் பெருவெள்ளம் வந்து வடமத்திய மாகாணத்துக் குளங்கள் பல உடைந்தபோது, மீட்புப் பணிக்குச் சென்ற படையினருள் அவரும் இருந்தார். மரக்கிளையில் இரண்டு நாள் தொங்கிய ஒரு சிங்களக் கிழவரைத் தோளிற் சுமந்து இடுப்பளவு நீரிலே நடந்தாராம். கிழவர் வழியெல்லாம் தம் எருமைகளின் பெயர்களையே சொல்லி அழுதார். “எங்கடை கமக்காரன்மாரைப் போலத்தான்” என்று முடிப்பார்.

அதற்கு ஐந்து மாதத்தின் பின், 1958 மே மாதத்தில், இனக்கலவரம் வெடித்தது. மே 27இல் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. படை வீதிக்கு இறங்கியது. தமிழராகிய தளபதி ஒருவரின் கீழ், பெரும்பான்மையும் சிங்களரான படை, தமிழரைக் காத்தற்கும் கலகக்காரரை அடக்குதற்கும் ஏவப்பட்ட காலம் அது. ஆயிரக்கணக்கானோர் கொழும்பிலே பாடசாலைக் கட்டடங்களில் அடைக்கலம் புகுந்து, பின் கப்பலேறிக் காங்கேசன்துறைக்கு வந்தனர். சார்ஜன்ட் ஐயா அத்தகைய அகதி முகாம் ஒன்றின் வாயிலிற் காவல் நின்றார். அக்காலத்தைப் பற்றி எம்மிடம் ஒருமுறையே வாய் திறந்தார். ஒரு கிழவி இவர் தமிழ் பேசுவதைக் கேட்டு ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டாளாம். “என்னோடை நிண்ட சிங்களப் பெடியன் குனிஞ்சு அவவைத் தூக்கி விட்டான். நான் குனியேல்லை, தம்பி. குனிஞ்சால் துவக்கைப் போட்டிட்டு அழுதிருப்பன்.”

முத்துக்குமாரு அக்காலத்தில் இன்னும் வன்மையாக நின்றிருக்கலாம் என்பாரும், அவர் அத்தலைமையில் இருந்தமையாலேயே கேடு அவ்வளவில் நின்றது என்பாரும் உளர். நம் கருத்து வேறு. கட்டளையிடும் அதிகாரம் அரசிடம் இருந்தது. அரசு பிரகடனம் செய்யத் தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் படைத்தளபதி விடை சொல்லல் இயலாது. பிரகடனத்தின் பின் படை ஒழுங்குடன் நடந்ததா என்பதே அவரை அளத்தற்கு ஏற்ற கோல்.

அடுத்த நிகழ்ச்சி அவருக்கு இதனினும் கடிது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்பிரிலில் அவசரகால நிலை. தமிழரசுக் கட்சித் தலைவர்கள் கைதாகிப் பனாகொடை இராணுவ முகாமிலே தடுத்துவைக்கப்பட்டனர். அதே பனாகொடையிற் களஞ்சியப் பொறுப்பிலே சார்ஜன்டாக இருந்தார் நம் ஐயா. ஊரிலே உறவினர் அவர் மனைவியாரோடு பேச்சை நிறுத்தினர். கோயிலிற் றிருநீறு கொடுக்கும் கை தயங்கியதாம். அவரோ விலகல் கடிதம் எழுதவில்லை. தலைவர்களைச் சென்று காணவும் முயலவில்லை. தடுத்துவைக்கப்பட்டோர்க்குப் போர்வைகள் வழங்குமாறு சீட்டு வந்தபொழுது, களஞ்சியத்திலிருந்த போர்வைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, கிழியாதவற்றை மேலே அடுக்கிக் கொடுத்தார். “கணக்கிலை ஒண்டும் குறையேல்லை. நல்லதை எடுத்துக் குடுக்கக் கூடாது எண்டு சட்டத்திலை இல்லை” என்றார். இதனைத் தொண்டென்பதா, கோழைமை என்பதா என்று பழைய மாணவருள் இருவர் எம் முன்னிலையில் வாதிட்டதுண்டு. வாதிட்டவருள் ஒருவரும் இருபத்தொரு ஆண்டு சம்பளம் வாங்கி நான்கு பிள்ளைகளுக்குச் சோறு போட்டவரல்லர் என்பதை மட்டும் குறிப்பிடுகின்றோம்.

அவ்வாண்டு டிசெம்பரில் ஓய்வு பெற்றார். 1962 சனவரி 27இல் படை, பொலிசு அதிகாரிகள் சிலரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி வெளிப்பட்டது. அதன் பின்னர்ப் படையின் முகமே மாறியது. 1956இற் சிங்க றெஜிமென்ட் அமைக்கப்பட்டபொழுதே தொடங்கிய மாற்றம் அது. கடற்படையில் றியர் அட்மிரல் றாஜன் கதிர்காமர் 1960 முதல் 1970 வரை தளபதியாக இருந்தார். நெடுங்காலத்தின் பின், 2017இல், திரவிஸ் சின்னையா சில மாதங்கள் அப்பதவியை வகித்தார். தரைப்படைக்கோ முத்துக்குமாருவின் பின் தமிழர் எவரும் தளபதியானதில்லை.

வன்னிக்கு வந்த பட்டாளத்தார் கமக்காரரானது எளிதில் நிகழவில்லை. மண்வெட்டி, கத்தி, கோடரி என்பவற்றைச் சுவரோரம் உயர வரிசையில் நிறுத்துவார். ஒன்று மாறினால் வீடு அதிரும். எருதுகளுக்கு ஆங்கிலத்திற் கட்டளையிடுவதைக் கண்டு ஊர்ப் பிள்ளைகள் வேலிக்கப்பால் நின்று சிரிப்போம். ஆனால் காலபோகம் பிழைத்துச் சிறுபோகத்துக்கு நீர் அளந்து விடும் ஆண்டுகளில் ஊர் அவரைத் தேடி வந்தது. முறைத்தண்ணீருக்கு நள்ளிரவில் வரவேண்டிய நேரத்தை அவர் குறித்துக் கொடுத்தால் எவரும் மறுப்பதில்லை. தமக்குரிய முறையை எப்பொழுதும் கடைசியிலே வைத்துக்கொள்வார். ஓர் அப்பியாசக் கொப்பியில் மழையளவு, விதைத்த நாள், மதகு திறந்த நாள் என்பன எல்லாம் நாள்தோறும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன. அத்தகைய கொப்பிகள் முப்பதுக்கு மேல் இருந்தன.

நம் அணிநடைக்கு வருவோம். இடக்கால் எது, வலக்கால் எது என்றறியாத பிள்ளைகளை அவர் ஒருபோதும் ஏசியதில்லை. அவர்களின் இடக்காலில் வைக்கோற் புரியும் வலக்காலில் வாழைநாரும் கட்டி, “வைக்கோல்—வாழை, வைக்கோல்—வாழை” என்று நடத்துவார். கைகளைத் தோளளவு வீசுவோர்க்குக் கரண்டியளவு கற்கண்டு உண்டு. செருப்பில்லாத பிள்ளைகள் பலர் என்பதால், சப்பாத்தணிந்தோர் முன்னும் அணியாதோர் பின்னும் நிற்கும் வழக்கத்தை அவரே நிறுத்தினார். ஒன்றில் எல்லாரும் சப்பாத்து, அன்றேல் எல்லாரும் வெறுங்கால் என்றார். அன்று தொட்டு நம் கல்லூரி வெறுங்காலோடு நடந்தது. முட்கள் நிறைந்த மைதானம். ஆயின் வரிசை குலையவில்லை. பிற்காலத்திலே கனடாவில் வாழும் எம் வகுப்பறைத் தோழர் ஒருவர், பனியில் நடக்கையில் வாய் தன்னியல்பாய் ‘வைக்கோல்—வாழை’ என்று முணுமுணுப்பதாக எழுதியிருந்தார்.

மகள்மார் மூவர், மகன் ஒருவன். குடியேற்றக் காணிக்கு உரித்தாளராக ஒருவரையே குறிக்கலாம் என்பது சட்டம், துண்டாட முடியாது. மகனையே குறிப்பார் என்று ஊரார் எண்ணினர். அவர் நால்வரையும் இருத்தி, “ஆர் சேத்துக்கை இறங்குறியள்?” என்று கேட்டார். கடைசி மகளே எழுந்து நின்றாள். அம்மையாரின் சம்மதத்தோடு அவள் பெயரே எழுதப்பட்டது. மகனைப் படிப்பித்தார், மற்றைய இருவர்க்கும் சீதனத்துக்கு ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைத் தொகையாக மாற்றிப் பெற்றதும், அதன் பின் குறைந்த ஓய்வூதியத்தோடு பத்தாண்டு வாழ்ந்ததும் அவர் இறந்த பின்னரே பிள்ளைகளுக்குத் தெரியவந்தது.

1983இன் பின் வன்னியிலே ‘ஆமி’ என்னும் சொல்லின் பொருள் வேறாயிற்று. தபாற்கந்தோர் வரிசையில் ஓய்வூதியத்துக்கு நிற்கும் கிழவரை இளைஞர் உற்று நோக்கினர். ஒருநாள் ஒருவன் நேரே கேட்டான்: “ஐயா, எந்த ஆமியின்ரை காசு இது?” நாமும் அவ்வரிசையில் நின்றோம். அவர் கோபித்திலர். “தம்பி, திருகோணமலையிலை நெருப்புக்குப் பக்கத்திலை நிண்ட காசு. வெள்ளத்துக்கை கிழவனைத் தூக்கின காசு. மிச்சத்தை நீ கணக்குப் பார்” என்றார். இளைஞன் வழி விட்டான்.

1980களின் பிற்பகுதியில் இந்திய அமைதிப்படை வந்தபொழுது, சோதனைச் சாவடியில் அவருடைய விடுவிப்புப் புத்தகத்தைப் பார்த்த தென்னிந்திய ஹவில்தார் ஒருவர், தம் தந்தையாரும் அப்போரிலே பணி புரிந்தவர் என்று கூறிச் சலாம் வைத்தார். கிழவர் பதிற் சலாம் வைத்துவிட்டு எம்மிடம் வந்து, “சப்பாத்துக் கயிறு சரியாய்க் கட்டியிருந்தான், நல்ல பட்டாளம்” என்றார். அப்படையைப் பற்றி ஊரார் வேறு பலவும் கூறினர். அவையெல்லாம் அவர் காதுக்கும் எட்டியவையே.

இரண்டாம் மகளின் மகன் ஒருவன் இயக்கத்திற் சேர்ந்தான். பாட்டனாருக்குச் சொல்லாமலே சேர்ந்தான். தாமும் அவ்வாறே தாய்க்குச் சொல்லாமற் சேர்ந்தவர் என்பதை அவர் நினைத்திருப்பார். முதல் விடுமுறையில் வந்தவனிடம் கொள்கையைப் பற்றி ஒன்றும் கேட்டாரல்லர். அவன் காலைப் பார்த்தார். ஈரச் சப்பாத்தால் விரலிடுக்கு வெந்திருந்தது. வேப்பெண்ணெய் பூசி, இரவிற் காலுறையை வயிற்றோடு அணைத்து உலர்த்தும் முறையைக் காட்டிக் கொடுத்தார். அவன் இரண்டாவது விடுமுறைக்கு வரவில்லை. செய்தி வந்த அன்று கிழவர் சுவரிலிருந்த மூன்றாவது படத்தைக் கழற்றித் தகரப்பெட்டியில் வைத்தார். முருகனும் காந்தியும் சுவரில் இருந்தனர். காரணம் கேட்க எவர்க்கும் வாய் எழவில்லை.

1996இல் கிளிநொச்சி போர்க்களமாயிற்று. செப்ரெம்பர் இறுதியில் நகரம் வீழ்ந்தது. ஊர் முழுதும் அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் துணுக்காய்க்கும் பெயர்ந்தது. எழுபத்தெட்டு வயதில் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். அம்மையார் இரண்டாண்டின் முன்னரே காலமாகிவிட்டார். சைக்கிளில் ஒரு மூட்டை விதைநெல், காணி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அட்டை, அம்மையார் கட்டிவைத்த கடிதங்கள். இரு போர்ப் பதக்கங்களும், படை தொடங்கிய காலத்திற் பணியிலிருந்தோர்க்குக் கிடைத்த பதக்கமும், முப்பது மழைக் கொப்பிகளும், அந்தப் படமும் பெட்டியோடு வீட்டுப் பின்புறத்தில் மாமரத்தடியில் புதைக்கப்பட்டன. பதக்கங்களையாவது சட்டைப் பையில் எடுத்து வந்திருக்கலாமே என்று வழியில் நாம் கேட்டோம். “சோதிக்கிறவன் ஆராயிருந்தாலும் கரைச்சல்தான்” என்றார். எத்தரப்பாரை எண்ணிக் கூறினாரோ, இரு தரப்பாரையும் எண்ணியே கூறினாரோ, நாம் அறியோம்.

மறுவருடம் மாரியில், மல்லாவிக்கு அணித்தாய் ஒரு தறப்பாள் கொட்டிலில், மூன்று நாள் காய்ச்சலில் மறைந்தார். கட்டளைக் குரல் எழுப்பவோ ஊதுகுழல் ஊதவோ அங்கு எவரும் இலர். பாடையைத் தூக்கிய எண்மருள் ஐவர் நம் கல்லூரிப் பழைய மாணவர். சேற்று வழியில் கால் மாறாமல் நடந்தோம்.

முத்துக்குமாரு ஓய்வு பெற்றபின் பாக்கித்தான், ஆத்திரேலியா, எகிப்து முதலிய நாடுகளில் இலங்கையின் பிரதிநிதியாக விளங்கினார். 1987இல் இலங்கையின் படைத்துறை வரலாற்றைச் சுருக்கி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். தாம் தலைமை தாங்கிய படையும் தம் இனத்தாரும் பொருத ஆண்டுகளை ஆத்திரேலியாவிலிருந்து நோக்கி, 2001இல் கன்பெராவில் மறைந்தார். தளபதியும் சார்ஜன்டுமாக இருவரும் தத்தம் வீட்டுக்கு வெளியே இறந்தனர். அவர் நூலேனும் நூலகங்களில் உண்டு.

2009 மே மாதத்திற் போர் முடிந்து, மீள்குடியேற்றத்தின் பின் கடைசி மகள் காணிக்குத் திரும்பினாள். வீடு இல்லை, மாமரம் இல்லை, கண்ணிவெடி அகற்றுவோர் நட்ட சிவப்புத் தடிகள் எடுக்கப்பட்டு ஓராண்டே ஆகியிருந்தது. மாமரம் நின்ற இடத்தைக் குறிக்க ஒரு சுவடும் கிடைக்கவில்லை. மூன்று இடங்களில் தோண்டினர். நான்காவது இடத்தில் துருவேறிய பெட்டியின் மூடி மட்டும் அகப்பட்டது. கடிதக்கட்டை அவள் முள்ளிவாய்க்கால்வரை கொண்டு சென்று அங்கே இழந்தாள். அனுமதிப்பத்திரத்தை உடம்போடு கட்டி வைத்திருந்தமையால் அது தப்பிற்று. அதனைக் கொண்டே காணிக் கச்சேரியில் உரிமையை நிலைநாட்டினாள். பாட்டனார் பெயரும், தாயார் பெயரும், அவள் பெயரும் அதில் வரிசையாக உள்ளன. சென்ற காலபோகத்தில் அவளுடைய மகன் மூன்று ஏக்கரும் விதைத்தான். முறைத்தண்ணீர் நேரத்தை அவன் இப்பொழுது கைத்தொலைபேசியிற் குறித்து வைத்திருக்கின்றான். தன் முறை கடைசியில் வருமாறே குறித்திருக்கின்றான்.